சதர்லி பஸ்டர் வரும்போது படகில் இருவர் மட்டும் இருந்தால்

சிட்னியிலிருந்து ஈடன் நோக்கிக் கரையோரமாகத் தெற்கே இறங்கும் பாய்மரப்படகுத் தம்பதிகளுக்காக இது. சதர்லி பஸ்டர் என்பது இந்தக் கரையில் தெற்கிலிருந்து திடீரென்று பாயும் பலத்த காற்று. கோடையில் வடகிழக்குக் காற்று 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வீசும். கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டமும் தெற்கே தள்ளிக்கொண்டே போகும். படகு சுகமாக ஓடும்போது பாயைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. காற்று வடமேற்குக்குத் திரும்பி அனலடித்தாலோ, சட்டென்று அடங்கினாலோ உஷார். சில நிமிடங்களில் வெப்பம் 10, 15 டிகிரி இறங்கி, தெற்கிலிருந்து 40 நாட்டுக்கு மேலும் அடிக்கும். சுருள் மேகம் முன்னறிவிப்புத் தரும் என்று நம்ப வேண்டாம். மேகமே இல்லாமலும் வரும்.

நேரத்தைக் கணிக்க ஒரு வழி உண்டு. இந்தக் காற்று மாற்றம் தெற்கிலிருந்து வடக்கே ஏறுவதால் கேபோ தீவு, மான்டேகு தீவு, உல்லடுல்லா, கையாமா வானிலை நிலையங்களில் காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது என்று வரிசையாகக் குறியுங்கள். அது வரும் வேகம் பிடிபடும். அறிவிப்பில் 30 நாட் என்றால் அது வெறும் சராசரி. வீச்சு அதைவிட 40 சதவீதம் கூடலாம், அலை இருமடங்கு உயரலாம் என்று வானிலை மையமே சொல்கிறது.

*

இனி பாயைப் பற்றி. காற்று 20 நாட்டிலிருந்து 40 ஆனால் பாயில் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. பின்காற்றில் ஓடும்போது பூமை (பெரிய பாயின் அடிக்கம்பை) முன்னோக்கி இழுத்துக் கட்டிய பிரிவென்டர் கயிறு அப்படியே இருந்து, காற்று எதிரே திரும்பினால், பாய் தலைகீழாக நிரம்பிப் படகு பக்கவாட்டில் சாய்ந்தபடி மாட்டிக்கொள்ளும். முன்பாயை விரித்து நிறுத்தும் கம்பும் அப்படித்தான். மாற்றம் வர இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இரண்டையும் கழற்றிவிட்டு, பெரிய பாயில் மூன்றாவது ரீஃப் (பாயை மடித்துச் சுருக்கும் மூன்றாவது நிலை) போட்டுவிடுங்கள். வேகம் குறைந்தால் குறையட்டும்.

ஒருவர் சுக்கானில், ஒருவர் பாய்மரத்தடியில். ஷீட்டை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை) தளர்த்தி, முதலில் டாப்பிங் லிஃப்டை (பூமின் நுனியைத் தூக்கிப் பிடிக்கும் கயிற்றை) இழுத்துப் பூமைத் தாங்க வையுங்கள். இதை மறந்தால் ஹால்யார்டை (பாயை ஏற்றும் கயிற்றை) விட்டதும் பூம் சுக்கான் பிடிப்பவர் தலைமேல் இறங்கும். ஹால்யார்டில் ஒவ்வொரு ரீஃபுக்கும் நூல் சுற்றி அடையாளம் போட்டிருந்தால் இருட்டிலும் விரலே சொல்லும். பாயின் முன்வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஹால்யார்டை இறுக்கி, கடைசியாகப் பின்விளிம்புக் கயிற்றை வின்ச்சில் (கயிறு இழுக்கும் உருளையில்) ஏற்றுங்கள். தொங்கும் பாயை அதன் சிறு கண்களில் கோத்த நாடாக்களால் கட்டும்போது பூமைச் சுற்றிக் கட்டாதீர்கள், பாயை மட்டும் சுற்றுங்கள். பின்விளிம்புக் கயிறு அறுந்தால் மொத்த இழுப்பும் அந்தச் சிறு கண்களில் விழுந்து பாய் வரிசையாகக் கிழியும்.

*

பாயைச் சுருக்கிய பிறகு எங்கே போவது? ஹீவ் டூ செய்து, அதாவது படகை ஏறக்குறைய நிறுத்திவைத்து, கிடக்கலாம் என்று பலர் சொல்வார்கள். முன்பாயைக் காற்றுப் பக்கம் இழுத்துவைத்து, டில்லரை (சுக்கான் கைப்பிடியை) காற்றுக்கு எதிர்ப்புறம் கட்டினால் படகு அடங்கும், இருவரும் தூங்கலாம். ஆழ்கடலில் நானும் அதையே சொல்வேன். இந்தக் கரையில் எனக்கு அது இரண்டாம் பட்சம். அணியத்தை (படகின் முன்முனையை) கடல் பக்கம் வைத்தால் மெல்ல மெல்ல நீரோட்டத்துக்குள் போய்விடுவீர்கள்; தெற்குக் காற்று அதை எதிர்க்கும் இடத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். கரைப் பக்கம் வைத்தால், காற்று பிறகு தென்கிழக்காகும்போது பாறைக்கு இடம் விடாது.

அதனால் ஜெர்விஸ் விரிகுடாவைத் தாண்டுவதற்குள் முடிவெடுங்கள். அதன் வாய் அகலமானது, மணல்திட்டு கிடையாது. உள்ளே தென்மூலையில் நங்கூரம் போட்டால் தெற்குக் காற்றுக்கு மறைவு கிடைக்கும். கடந்துவிட்டீர்களா, அடுத்த நல்ல அடைக்கலம் ஈடனின் டூஃபோல்ட் பே; தெற்குக் காற்றுக்கு அதில் ஈஸ்ட் பாய்ட் பே. நடுவில் பேட்மன்ஸ் பே, பெர்மகுய் இரண்டுக்கும் வாயில் மணல்திட்டு. அலை உடையும்போது அங்கே நுழைய முயல்வது வெளியே நனைந்து கிடப்பதைவிட மோசம்.

*

துறைமுக வாயில் வரை வந்து எஞ்சின் நிற்பது அடிக்கடி நடக்கும். டீசல் தொட்டியின் அடியில் படிந்த கசடு ஆட்டத்தில் கலங்கி முதல் ஃபில்டரை அடைத்துவிடும். குறைந்தது இரண்டு மாற்று ஃபில்டராவது கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். வால்வை மூடி, புதியதைப் போட்டு, கிண்ணத்தை டீசலால் நிரப்பி, எஞ்சின் பக்க ஃபில்டரின் திருகைத் தளர்த்திக் காற்றுக் குமிழி நிற்கும்வரை பம்ப் பண்ணுங்கள். இதைக் கணவர் மட்டும் தெரிந்துவைத்திருப்பதுதான் வழக்கம். மனைவியும் ஒருமுறை நங்கூரத்தில் கிடக்கும்போது தனியாகச் செய்து பார்க்கட்டும்.

இன்னொன்று, கடலில் விழுந்தவரை மீதமிருக்கும் ஒரே ஆள் தூக்குவது. நனைந்த உடையோடு ஒருவரைக் கையால் இழுத்து ஏற்ற முடியாது. நாலு மடங்கு கப்பியை ஹால்யார்டில் தொங்கவிட்டு, அதன் கயிற்றை வின்ச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் விழாமல் இருப்பதே முக்கியம்: பாதுகாப்புக் கயிற்றைக் கேபினுக்குள் நின்றபடியே மாட்டிக்கொண்டு பிறகு படியேறுங்கள். இணை தூங்கும்போது முன்தளத்துக்குப் போகக் கூடாது, எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டும்.

வாந்தி மாத்திரை காற்று எழும்பிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. பஸ்டர் சிட்னிப் பக்கம் பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ வரும். மதியத்துக்குள் இருவரும் சாப்பிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் தூங்கி, ஃபிளாஸ்கில் வெந்நீர் நிரப்பி வையுங்கள். மரீன் ரெஸ்க்யூ என்ற கடல் மீட்பு அமைப்பிடம் வானொலியில் பயணத்தைப் பதிவு செய்திருந்தால், அடைக்கலம் மாறும்போது அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பத்திரமாகக் கிடக்கும்போது உங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.