ஏ.பி. சைக்காலஜி: வகுப்பில் 'ஏ', மே மாதப் பரீட்சையில் 3. மார்க் எங்கே போகிறது?

மாடிப்படி

அமெரிக்க ஹைஸ்கூலில் காலேஜ் தரத்தில் நடத்தும் ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) பாடங்களில் 'ஈஸி' என்று பெயர் வாங்கியது சைக்காலஜி. கணக்கு கொஞ்சம்தான், லேப் ரிப்போர்ட் இல்லை, சொற்களை மனப்பாடம் செய்தால் போதும் என்று பிள்ளைகள் சேர்ந்துவிடுகிறார்கள். முதல் யூனிட் டெஸ்ட் தாள் கைக்கு வந்ததும் முகம் மாறுகிறது. பாடம் நடத்துகிறவர்களும் தாள் திருத்துகிறவர்களும் இந்த ஃபோரத்தில் இருக்கிறீர்கள். சொந்தக் கதை வேண்டாம். தாள்களில் என்ன பார்க்கிறீர்கள், எதற்கு மார்க் விழுகிறது, எதற்கு விழுவதில்லை என்று மட்டும் எழுதுங்களேன்.

சிவப்பு மை

முதலில் இரண்டு தராசையும் பிரித்துவிடுவோம். வகுப்பு கிரேடு ஆசிரியர் போடுவது. 1 முதல் 5 வரையான ஸ்கோர் (5தான் உச்சம்) மே மாதப் பரீட்சைக்கு, அதை நடத்தும் காலேஜ் போர்டு தருவது, அது ஜூலையில்தான் வரும். அதற்குள் வகுப்பு கிரேடு முடிந்து போயிருக்கும்.

கிரேடு எப்படிப் பிரிகிறது என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். சிலபஸில் எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. டெஸ்டுக்குப் பாதிக்கு மேல் வெயிட்டேஜ் என்றால் வீட்டுப்பாடம் அத்தனையும் கொடுத்தாலும் கிரேடு அசையாது. வீட்டுப்பாடத்துக்கு வெயிட்டேஜ் அதிகமென்றால் 'ஏ' வந்துவிடும், ஆனால் மே மாதத்தில் என்ன நடக்கும் என்று அந்த 'ஏ'யை வைத்துச் சொல்ல முடியாது.

2025 மே முதல் பரீட்சை புது அமைப்பில் நடக்கிறது. 75 மல்டிபிள் சாய்ஸ், 90 நிமிடம், நான்கு விருப்பங்கள், 66.7 சதவீதம். பிறகு எழுத வேண்டிய இரண்டு கேள்விகள், 70 நிமிடம், 33.3 சதவீதம். ஆய்வுக் கட்டுரை ஒன்றை அலசுவதற்கு 25 நிமிடம், மூன்று ஆதாரங்களை (ஆய்வுச் சுருக்கங்களை) வைத்து வாதம் எழுதுவதற்கு 45 நிமிடம். வாசிக்கும் நேரமும் இதற்குள்ளேயே அடங்கும். இரண்டுக்கும் தலா 7 மார்க்.

வகுத்துப் பாருங்கள். ஒரு மல்டிபிள் சாய்ஸ் மொத்தத்தில் 0.89 சதவீதம். எழுத்துக் கேள்வியில் ஒரு மார்க் 2.38 சதவீதம். அங்கே ஒன்றைக் கோட்டைவிட்டால் இங்கே கிட்டத்தட்ட மூன்று சரியாகப் போட்டால்தான் ஈடாகும். பிள்ளைகள் படிக்கிற நேரமோ முக்கால்வாசி ஃபிளாஷ்கார்டில் போகிறது.

நியூரான்23

ஃபிளாஷ்கார்டை அப்படியே தள்ளிவிட வேண்டாம் சார். சொல் தெரியாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் மல்டிபிள் சாய்ஸிலேயே சுமார் 65 சதவீதம் கருத்தைச் சூழலில் பொருத்தும் கேள்விகள், 25 சதவீதம் ஆராய்ச்சி முறை, 10 சதவீதம் அட்டவணையும் வரைபடமும். வெறும் விளக்கம் கேட்கும் கேள்வியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

கார்டின் பின்பக்கத்தில் புத்தக வரையறையை எழுதாமல் ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லுங்கள். சீட் பெல்ட் போடும்வரை கார் கத்துகிறது, போட்டதும் சத்தம் நிற்கிறது, அடுத்த முறை ஏறியவுடன் பெல்ட்டுக்குக் கை போகிறது. தொல்லை நீங்கியதால் செயல் கூடியது, அதனால் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். 'நெகட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்ததும் தண்டனை என்று போடுகிறவர்கள் எந்த வகுப்பிலும் உண்டு. செயல் கூடியதா குறைந்ததா என்று முதலில் கேட்கட்டும். ஏதாவது சேர்ந்ததா நீங்கியதா என்பது அதற்கப்புறம்.

ஒரு நினைவு இன்னொன்றைத் தடுக்கும் இன்டர்ஃபியரன்ஸும் இப்படித்தான். புது பாஸ்வேர்ட் கேட்டால் கை பழையதை அடிக்கிறது: பழையது புதியதைத் தடுக்கிறது, புரோஆக்டிவ். பழையது சுத்தமாக மறந்து புதியதே வருகிறதென்றால் ரெட்ரோஆக்டிவ்.

தாள்திருத்தி

கட்டுரை அலசலைப் பற்றிச் சொல்கிறேன், மார்க் அதிகம் சிந்துவது அங்கேதான். ஏ முதல் எஃப் வரை ஆறு பகுதி, முதல் ஐந்துக்கு ஒவ்வொரு மார்க், கடைசிக்கு இரண்டு. ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். 60 கல்லூரி மாணவர்கள், குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒரு குழு அமைதியில் 20 சொற்களைப் படிக்கிறது, மற்றது பாட்டு கேட்டபடி. அமைதிக் குழுவின் சராசரி 13, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 2. பாட்டுக் குழுவின் சராசரி 10, திட்ட விலக்கம் 4.

ஏ, ஆராய்ச்சி முறை: பரிசோதனை. இதில் யாரும் விழுவதில்லை.

பி, மாறியின் செயல்முறை வரையறை. 'ஞாபக சக்தியை அளந்தார்கள்' என்றால் பூஜ்யம். '20 சொற்களில் எத்தனையைத் திருப்பிச் சொன்னார்கள் என்ற எண்ணிக்கை' என்றால் மார்க். எதை, எப்படி எண்ணினார்கள் என்பது இருக்க வேண்டும்.

சி, புள்ளிவிவரம். திட்ட விலக்கம் என்ன காட்டுகிறது என்று கேட்டால் 'பாட்டு கேட்டவர்கள் குறைவாக நினைவு வைத்தார்கள்' என்று எழுதுகிறார்கள். அது சராசரிக்கான பதில். பாட்டுக் குழுவின் மதிப்பெண்கள் 10ஐச் சுற்றி அதிகம் சிதறியிருந்தன என்பதுதான் இங்கே பதில்.

டி, அறநெறி. ஆய்வாளர்கள் உண்மையில் கடைப்பிடித்ததை எடுத்துக் காட்ட வேண்டும். 'ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்' என்று அறிவுரை சொல்பவருக்கு மார்க் கிடையாது. பங்கேற்றவர்கள் சிறார்களா என்றும் பார்க்கணும். சிறார் என்றால் பெற்றோரின் அனுமதியும் பிள்ளையின் இசைவும் தனித்தனியாக வரும்.

ஈ, பொதுமைப்படுத்தல். 'ஆட்கள் குறைவு' என்பதோடு நிறுத்தாதீர்கள். பங்கேற்றவர் யார் என்று கட்டுரையிலிருந்து எடுத்து, இன்னாருக்குப் பொருந்தும், இன்னாருக்குப் பொருந்தாது என்று சொல்ல வேண்டும். இங்கே கல்லூரி மாணவர்கள் மட்டும். முதியவர்களுக்கு இதே முடிவு வருமா தெரியாது.

எஃப்: ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லி, அது கேள்வியில் கொடுத்த கருத்தை ஆதரிக்கிறதா மறுக்கிறதா, ஏன் என்று எழுதுவது. முடிவை மட்டும் திருப்பிச் சொல்லி 'ஆகவே ஆதரிக்கிறது' என்பவர்களுக்கு இரண்டு மார்க்கும் சேர்ந்து விழாது.

குறுக்கெழுத்து

பி பகுதியில் வரையறையின் ஒரு பாதி சரியாக இருந்தால் அரை மார்க் தருவீர்களா அண்ணா?

தாள்திருத்தி

அரை மார்க் என்பதே இல்லை தம்பி. உண்டு, இல்லை, இரண்டே. முழு வாக்கியத்தில் எழுத வேண்டும் என்பதும் கேள்வியிலேயே இருக்கிறது. புள்ளி வைத்துச் சொற்களை அடுக்கினால் போச்சு.

பின்னல்

ரேண்டம் அசைன்மென்டும் ரேண்டம் சாம்ப்ளிங்கும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஈ பகுதியில், வாதக் கேள்வியில் என்று வரிசையாக விழுவார்கள். குழுவில் பிரித்துப்போடுவது காரணம்-விளைவு சொல்ல உதவும். மக்கள்தொகையிலிருந்து தேர்ந்தெடுப்பது பொதுமைப்படுத்த உதவும். அண்ணாவின் 60 பேர் ஆய்வில் முதலாவது மட்டும்தான் உண்டு.

சிவப்பு மை

மூன்று ஆதாரக் கேள்விக்கு வருகிறேன். கூற்றுக்கு 1. அப்புறம் ஒரு ஆதாரத்திலிருந்து சான்றுக்கு 1, அதை விளக்குவதற்கு 2. இன்னொரு ஆதாரத்திலிருந்து இதே சுற்று மறுபடி. ஆக 7.

முதல் கண்ணி: இரண்டாவது விளக்கத்துக்கு வேறொரு சைக்காலஜி கருத்து வேண்டும். முதலில் கவனம் சிதறுவதைச் சொன்னவர் இரண்டாவதிலும் அதையே வேறு சொற்களில் சொன்னால் அந்த மார்க் போய்விடும். இரண்டாவது கண்ணி: எந்த ஆதாரத்திலிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடாமல் விடுவது. மூன்றாவதை நான் கண்ணி என்றுகூடச் சொல்ல மாட்டேன், சோம்பல்: 'பாட்டு நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம்' என்று எழுதுவது. அது கூற்று ஆகாது. 'பாட்டு கேட்டபடி படிப்பது சொற்களை நினைவில் வைப்பதைக் குறைக்கிறது' என்று ஒரு பக்கம் நின்று எழுதட்டும்.

ஆசிரியை_7

வகுப்பில் 7க்கு 5 வாங்கிய தாளை நேரடியாகச் சதவீதமாக்கினால் 71 வரும். பெற்றோர் பதறிப்போகிறார்கள். அந்த அளவுகோலுக்கு 5 என்பது மோசமே இல்லை. அதனால் சில ஆசிரியர்கள் 7க்கு 100, 6க்கு 95, 5க்கு 88 என்ற மாதிரி மாற்றி கிரேடு புத்தகத்தில் ஏற்றுவார்கள். மாற்றுகிறார்களா இல்லையா என்பதை செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். டிசம்பரில் கேட்டால் சண்டை மாதிரி ஆகிவிடும்.

குறுக்கெழுத்து

வீட்டில் அண்ணன் படித்த பழைய கைடு இருக்கிறது. போதுமா அக்கா?

ஆசிரியை_7

ஒன்பது யூனிட் போட்டிருந்தால் அது பழைய பாடத்திட்டம் தம்பி. இப்போது ஐந்து யூனிட். அந்தப் புத்தகத்தில் 100 கேள்வி, ஐந்து விருப்பம், 70 நிமிடம் என்றிருக்கும். சொற்களைப் படிக்க வைத்துக்கொள்ளலாம், நேரம் வைத்து மாதிரித் தேர்வு எழுத வேண்டாம். தவறான பதிலுக்கு மார்க் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடாதே. இப்போது எல்லாம் காலேஜ் போர்டின் தேர்வு ஆப்பான புளூபுக்கில் டைப் செய்வதுதான், அதனால் ஆறு பகுதியையும் கீபோர்டில் 25 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகு.