மார்க்கர் எழுத்து அழிந்துவிட்டது, எந்தப் பையில் எந்தக் கத்தரி?

மதுரை மாடி:
வணக்கம். ஆடிப்பட்டத்தில் நாலு வகைக் கத்தரி விதைத்தேன்: முள்கத்தரி, பச்சை வரி, வெள்ளை, ஊதா உருண்டை. ஐஸ் குச்சியில் பெர்மனென்ட் மார்க்கரால் பெயர் எழுதிக் குத்திவைத்திருந்தேன். நாற்றைப் பைக்கு மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது. எழுத்து வெளுத்து ‘க’ மட்டும் மிச்சம். மூன்று குச்சியைக் காக்கா பிடுங்கிப் போட்டுவிட்டது. மொத்தம் 14 பை. முள்கத்தரி விதை வேலூர்ப் பக்கம் இருக்கும் அத்தை கொடுத்தது, அதை விதைக்கு விட வேண்டும். எப்படிப் பிரித்து அறிவது?

கீரைப்பாத்தி:
அக்கா, முள்கத்தரி பற்றிக் கவலை வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த இலவம்பாடி வகைதானே? இலை நரம்பைத் தடவிப் பாருங்கள், முள் விரலில் குத்தும். மீதியில் தண்டும் நரம்பும் ஊதாச் சாயல் அடித்தால் பெரும்பாலும் ஊதா உருண்டை. பச்சை வரியும் வெள்ளையும் செடியில் ஒரே மாதிரிதான் இருக்கும், முதல் காய் வரும்வரை பொறுக்க வேண்டியதுதான். அதுவரை அந்த இரண்டில் எதையும் விதைக்கு விடாதீர்கள்.

இன்னொன்று. நாலு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வண்டு, தேனீ மூலம் மகரந்தம் கலக்கலாம். விதைக்கு வேண்டிய மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பை மாட்டி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். இல்லாவிட்டால் சமையலுக்குப் பறித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு வருட விதை போனது.

திண்ணைத் தோட்டம்:
மார்க்கரே வேண்டாம் அக்கா. நம் வெயிலுக்கு அந்தச் சாயம் தாங்காது. 2பி பென்சில் போதும், அது கரி, வெளுக்காது. தயிர் டப்பாவைப் பட்டையாக வெட்டி எழுதுங்கள்.

மதுரை மாடி:
நன்றி தம்பி. மழையில் பென்சில் போய்விடாதா? டப்பாவில் எழுதிப் பார்த்தேன், வழுக்குகிறது.

திண்ணைத் தோட்டம்:
உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு எழுதுங்கள், பிடிக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கூல்டிரிங்ஸ் அலுமினிய டின். கத்தரிக்கோலால் வெட்டி, ஓரத்தை மடித்து (கையைக் கிழிக்கும்), பழைய செய்தித்தாள்மேல் வைத்து, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். எழுத்து பள்ளமாகவே விழும், அழிய மை இல்லை. மண்ணில் குத்தாமல் பையின் கைப்பிடியில் கம்பியால் கட்டுங்கள், காக்கா இழுக்காது. அப்புறம், பையில் பெயின்டால் எண் மட்டும் போட்டு, நோட்டில் எண், வகை, விதை தந்தவர், விதைத்த தேதி எழுதிவையுங்கள். செடி செத்தாலும் அந்த எண்ணை அந்த வருடம் வேறு செடிக்குக் கொடுக்காதீர்கள்.

மதுரை மாடி:
இன்று காலை தடவிப் பார்த்தேன். 3, 4, 9 மூன்றிலும் முள் இருக்கிறது! அத்தைக்கு உடனே போன் செய்து சொன்னேன். ஊதாத் தண்டு நாலு பை. மீதி ஏழுக்கும் நோட்டில் ‘பச்சை வரி / வெள்ளை’ என்று எழுதியிருக்கிறேன், காய்த்ததும் வந்து சொல்கிறேன்.