போர்த்துகலின் ‘மோரா’ கன்னிகள்: மூர்கள் காலத்துக் கதைகளா, அதற்கும் பழையவையா?

கதைத்தேடல்:
போர்த்துகலில் ஊருக்கு ஊர் ‘மோரா என்கான்தாதா’ கதை உண்டு. மந்திரக் கட்டில் சிக்கிய கன்னி ஊற்றோரம் பொன் சீப்பால் தலை வாருவாள், புதையல் காப்பாள். ‘மோரா’ என்றால் மூர் இனப் பெண்; மூர்கள் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட முஸ்லிம்கள். அப்படியானால் 711இல் மூர்கள் வந்த பிறகு பிறந்தவைதானே இவை?

நடுகல்:
பெயரை விடுங்கள், அவள் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று பாருங்கள். புதிய கற்காலக் கல்திட்டைகள் பலவற்றை ‘காசா டா மோரா’, அதாவது மோராவின் வீடு என்பார்கள். அந்தப் பாறைகளைத் தலையில் சுமந்து, கையில் நூல் நூற்றுக்கொண்டே வந்து வைத்தாளாம். மூர்கள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டு முந்தைய கற்கள் அவை! மூர் ஆட்சி சில பத்தாண்டுகளில் முடிந்துபோன வடக்கே, ஸ்பெயினின் கலீசியாவிலும் இக்கதைகள் மண்டிக்கிடக்கின்றன. கிராமத்து வழக்கில் ‘மோரு’ என்பது ஞானஸ்நானம் பெறாதவரையும் குறிக்கும். ஸ்பானிய மொழியில் தண்ணீர் கலக்காத, அதாவது ‘ஞானஸ்நானம் பெறாத’ ஒயினைக்கூட ‘மோரோ’ என்பதுண்டு. ஆகவே ‘மோரா’ என்றால் கிறிஸ்தவத்துக்கு முந்தைய பெண் என்று கொள்வதே பொருத்தம்.

ஊற்றுக்கண்:
எல்லாவற்றையும் பழமையில் தள்ளிவிட வேண்டாம். போர்த்துகலின் தென்கோடியான அல்கார்வ் 1249 வரை மூர்கள் கையில் இருந்தது. அத்தாயிடி ஒலிவெய்ரா 1898இல் வெளியிட்ட அல்கார்வ் தொகுப்பில், தோற்று ஓடும் மூர் தகப்பன் மகளை மந்திரத்தால் கட்டிவிட்டுப் போகிறான். இது போர் நினைவு. தென் போர்த்துகலின் அலெந்தேஜு பகுதியில் உள்ள மோரா நகரில் சொல்லப்படும் சலூக்கியா கதை இன்னும் வேறு: கோட்டை பறிபோனதும் கோபுரத்திலிருந்து குதித்து இறக்கிறாள். அவள் உருவம் நகரச் சின்னத்திலேயே இருக்கிறது. மந்திரமோ ஊற்றோ அதில் இல்லை.

ஒரு கதை கிடைத்தால் இடம், வேலை, விடுவிக்கும் நிபந்தனை மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவில், ஜூன் 23 அன்று, மோரா கன்னி பாம்பாக வருவாள்; பயப்படாமல் முத்தமிட்டால் விடுதலை, பயந்தால் கட்டு இரட்டிக்கும். அவள் தந்த பொன்னைப் பற்றி வாய்விட்டால் கரியாகும். இவை ஐரோப்பாவெங்கும் உள்ள கூறுகள். இவற்றை மட்டும் வைத்து வயது சொன்னால் தவறிவிடும்.

நடுகல்:
சரிதான். ‘இறந்தவர்’ என்று பொருள்படும் பழைய கெல்திய வேரிலிருந்து ‘மோரா’ வந்தது என்பதும் ஒலி ஒப்புமையை நம்பிய ஊகமே. அதை முதல் சான்றாக வைக்காதீர்கள். வட ஸ்பெயினில் அஸ்தூரியாவின் ‘ஷானா’, பாஸ்க் நாட்டின் ‘லாமியா’ இருவரும் இதே போலத் தண்ணீரோரம் பொன் சீப்பால் தலை வாருகிறார்கள். அவர்கள் பெயரில் மூர் என்ற பேச்சே இல்லை. முதலில் அந்த ஒப்பீட்டைச் செய்யுங்கள்.