புதுப்பிப்பு: சித்தப்பாவைக் காப்பாற்றிய ஆட்டோக்காரர் கிடைத்துவிட்டார்

ஜி.எஸ்.டி. சாலையில் லாரி உரசி விழுந்த சித்தப்பாவை, ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார், அவரைத் தெரியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பகிர்ந்த எல்லோருக்கும் நன்றி. ஆளைப் பார்த்துவிட்டோம்! சித்தப்பா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்.

சித்தி கொடுத்த பணத்தை அவர் தொடவே இல்லை, பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வண்டி நிறைய ஆட்கள். ஒருவரும் முணுமுணுக்காமல் இறங்கி இடம் விட்டார்களாம். கல்லூரிப் பெண் ஒருத்தி மட்டும் கூடவே வந்து, தன் துப்பட்டாவால் காயத்தை அழுத்திப் பிடித்திருக்கிறாள். இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தங்கச்சி இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு வார்த்தை எழுதம்மா.

சரி, ஏன் சொல்லாமல் போனார்? "போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்கண்ணே, பொழப்பு போயிடும்" என்றார். அவ்வளவு பயத்தோடுதான் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய தைரியமாகத் தெரிகிறது.

அந்தப் பயம் இனி வேண்டாம். உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் வந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது: அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரையறுத்த தொகை வரை அரசே செலவை ஏற்கிறது.

இதையெல்லாம் ஸ்டாண்டில் ஒட்ட ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர் ஸ்டாண்டுக்கும் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.