ஃபாலிக்கிளும் சிஸ்ட்டும்: இரண்டுக்கும் ‘நீர்க்கட்டி’ போதுமா?

க. எழுதியது:

அன்பர்களே, சினைப்பை வலி பற்றி மகளிர் புறநோயாளிப் பிரிவுக்கு நான்கு பக்கத் துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூலத்தில் ஃபாலிக்கிள், சிஸ்ட் என்ற இரண்டு சொற்களும் வரிக்கு வரி வருகின்றன. வழக்கில் இரண்டுமே ‘நீர்க்கட்டி’தான். பிந்தையதற்கு அதுவே இருக்கட்டும். முந்தையதற்கு என்ன எழுதலாம்? நுண்ணறை, நுண்குமிழ், முட்டைப்பை எல்லாம் கைவசம் உண்டு. எதுவும் திருப்தியாக இல்லை.

ம. எழுதியது:

சொல் தேடுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன், மகப்பேறு மருத்துவர் என்ற முறையில். ஃபாலிக்கிள் நோயல்ல, சினைப்பைக்குள் முட்டையைத் தாங்கும் சிறு நீர்ப்பை. மாதந்தோறும் சில வளரும், ஒன்று முந்தும். அது 18 முதல் 25 மி.மீ. வரை பெருத்து, வெடித்து, முட்டையை விடும். வெடிக்காமல் 3 செ.மீ. தாண்டி வளர்ந்து நின்றால்தான் அதைச் சிஸ்ட் என்கிறோம். அதிலும் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தாமே வற்றிவிடும்.

ஸ்கேன் அறிக்கையில் 22 மி.மீ. என்று பார்த்துவிட்டு, “கட்டி இருக்காம், ஆப்பரேஷனா டாக்டர்?” என்று அழுதபடி வருகிறார்கள். பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்ற பெயரே இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். 1935இல் ஸ்டைன், லெவென்தால் இருவரும் விவரித்த காலத்திலிருந்து ‘சிஸ்ட்’ ஒட்டிக்கொண்டது. அங்கே இருப்பவை 2 முதல் 9 மி.மீ. அளவுள்ள, வளர்ச்சி நின்றுபோன ஃபாலிக்கிள்கள். அவை வலிப்பதும் இல்லை.

பு. எழுதியது:

மருத்துவர் சொன்னதே சொல்லைத் தருகிறது. லத்தீனில் ஃபாலிக்கிள் என்றால் சிறு தோற்பை, துருத்தி. நமக்கு அந்தத் துருத்தி வேண்டாம். ‘சூல்’ இருக்கிறது. ‘கார்கோள் முகந்த கமஞ்சூல் மாமழை’ என்கிறது திருமுருகாற்றுப்படை. ‘கமம் நிறைந்து இயலும்’ என்பது தொல்காப்பிய உரியியல். கமஞ்சூல் என்றால் நிறைசூல். நீர் நிரம்பி, பொழியக் காத்திருக்கும் மேகம்! வெடிக்கப்போகும் முதிர் ஃபாலிக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எங்கே கிடைக்கும்? முதிராததைச் சூற்குமிழி எனலாம். ‘லள வேற்றுமையில் றடவும்’ என்ற நன்னூல் விதிப்படி லகரம் றகரமாகும்.

‘சினைப்பை’யையும் மாற்றுங்கள். சினை மாடு, சினை மீன் என்போம், பெண்ணுக்குச் சூல்தானே? இலக்கணத்திலோ சினை என்றாலே உறுப்பு.

வ. எழுதியது:

ஐயா, பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். எங்களுக்குச் சூல் என்றால் பூவுக்குள் விதையாகப்போவது, சூற்பை அதைச் சுமக்கும் பகுதி. ‘சூற்குமிழி’ என்றதும் மாணவர் பூசணிப்பூவைத்தான் நினைப்பார். தாவரவியலிலும் ஃபாலிக்கிள் உண்டு. எருக்கங்காய்போல் ஒரு பக்கம் மட்டும் வெடிக்கும் கனி அது, ‘ஒருபுற வெடிகனி’ என்கிறோம். சினைப்பையில் இருப்பதும் ஒரு பக்கம்தானே உடைகிறது! ஆனால் நோயாளிக்கு எருக்கங்காய் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

யா. எழுதியது:

இலங்கையில் எங்களுக்குச் சினைப்பைக்குச் சூலகம்தான் பழக்கம். முடி முளைக்கும் ஃபாலிக்கிளுக்கு மயிர்ப்புடைப்பு என்ற சொல் இருக்கிறது, அதே வழியில் ‘சூலகப் புடைப்பு’ எனலாமே?

ம. எழுதியது:

புடைப்பு என்றால் இங்கே வீக்கம். மறுபடியும் நோயாகிவிடும், அம்மா. கமஞ்சூலோ நிறைமாதம் என்று படும். குழந்தைக்காகக் காத்திருப்பவர் கையில் அந்தச் சொல்லைக் கொடுக்க மாட்டேன்.

சொல் எதுவானாலும், வலிப்பகுதியில் மூன்றைப் பிரித்தெழுதுங்கள், க. அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால் அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வந்து, சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ அடங்குவது ஃபாலிக்கிள் வெடிக்கும் வலி. கசியும் நீரும் துளி இரத்தமும் வயிற்று உட்சவ்வை உறுத்துவதால் வருவது. இரண்டாவது, நீர்க்கட்டி உடைவது. பாரம் தூக்கும்போதோ உறவின்போதோ திடீரென வரும். தலைசுற்றலும் தோள்பட்டை நுனி வலியும் சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். மூன்றாவது முறுக்கு. 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியின் பாரத்தால் சினைப்பை தன் காம்பிலேயே சுற்றிக்கொள்ளும். கடும் வலியோடு வாந்தி வரும். வலி விட்டுவிட்டு வருவதால் ‘வாயுத் தொல்லை’ என்று இருந்துவிடுகிறார்கள். இரத்த ஓட்டம் தடைபட்டுச் சினைப்பையே கருகிவிடும், அன்றே அறுவை வேண்டும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

க. எழுதியது:

‘முட்டைக்குமிழி’ என்று வைக்கிறேன். குமிழி என்றாலே உடையப்போவது என்று புரியும், அச்சம் தராது. முதல் வாக்கியம் இப்படி: “முட்டைக்குமிழி கட்டி அல்ல, மாதந்தோறும் தோன்றி மறைவது.” வெடிக்கும் வலிக்கு ‘இடைநாள் வலி’. பிசிஓஎஸ் அப்படியே இருக்கட்டும், அறிக்கையில் அந்தப் பெயர்தான் வரும். இதுவரை மூவர் சரி என்றிருக்கிறார்கள்.

பு. எழுதியது:

நான் உடன்படவில்லை. முட்டை என்றால் கோழிமுட்டை, சூல் என்றால் உயிர். அடைப்புக்குள்ளாவது ஒருமுறை ‘சூற்குமிழி’ என்று போடுங்கள்.

க. எழுதியது:

நான்காம் பக்கச் சொற்பட்டியலில் இடமிருந்தால் சேர்க்கிறேன், ஐயா. அங்கே ஏற்கெனவே முறுக்குக்கான எச்சரிக்கை பெரிய எழுத்தில் ஏறிவிட்டது.