நினைவிழந்தவரை ஒப்புதலின்றி மருத்துவ ஆய்வில் சேர்க்கலாமா?

வழிப்போக்கன் கேட்டது:
அமெரிக்காவில் 2003 முதல் 2006 வரை நடந்த பாலிஹீம் ஆய்வைப் பற்றி அண்மையில் படித்தேன். விபத்தில் இரத்தம் இழந்து உயிருக்குப் போராடிய 720 பேரை, பெரும்பாலும் அவர்களையோ உறவினரையோ கேட்காமலேயே, இரு பிரிவாகச் சேர்த்து, பாலிஹீம் என்னும் செயற்கை இரத்தத்தைச் சோதித்திருக்கிறார்கள். விரும்பாதவர்கள் நீல நிறக் கைப்பட்டை அணிந்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே அறிவித்தார்களாம். விபத்தை எதிர்பார்த்துக் கைப்பட்டையோடு நடமாடுகிறவர் யார்? சட்டம் இதற்கு எப்படி இடம் கொடுத்தது?

மருதன் பதில்:
அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1996இல் வகுத்த விதிதான் இடம் கொடுத்தது. உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும், இப்போதுள்ள சிகிச்சை போதாததாகவோ நிரூபிக்கப்படாததாகவோ இருக்க வேண்டும், நோயாளிக்கே பலன் கிடைக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும், அந்தப் பகுதி மக்களிடம் முன்னதாகவே கலந்தாலோசிக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். கைப்பட்டை வெறும் சடங்கு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த ஆய்வு தவறியது வேறோர் இடத்தில். அங்கே ஆம்புலன்சில் வழக்கமாக உப்புநீர்தான் ஏற்றினார்கள் என்பதால், வழியில் புதிய திரவத்தைச் சோதித்ததை ஏற்கலாம். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்து, இரத்தம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோதும், 12 மணி நேரம் வரை அதே திரவத்தைத் தொடர்ந்தார்களே, அதை எப்படி ஏற்பது? ‘சிகிச்சை போதாது’ என்ற நிபந்தனை மருத்துவமனை வாசலிலேயே காலாவதியாகிவிட்டது. 2006இல் நெறியியல் அறிஞர்கள் பகிரங்கக் கடிதத்தில் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பாலிஹீம் பிரிவில் 13.4 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றப் பிரிவில் 9.6 விழுக்காடு. 2009இல் நிர்வாகம் பாலிஹீமுக்கு அனுமதி மறுத்தது.

இரவுப்பணி பதில்:
இதை வைத்து இத்தகைய ஆய்வுகளையே தடுத்துவிடக் கூடாது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. 10,008 பேரைச் சேர்த்த கிராஷ் ஆய்வின் முடிவு 2004இல் வந்தபோதுதான், இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றோரில் 21.1 விழுக்காடு, பெறாதோரில் 17.9 விழுக்காடு என்பது தெரிந்தது. உறவினர் வரும்வரை காத்திருக்க முடியாத நிலையில், நெறிமுறைக் குழுக்கள் அனுமதித்த இடங்களில் ஒப்புதலின்றியும் சேர்த்தார்கள். அதே மருந்தை வழக்கம் என்ற பெயரில் எல்லோருக்கும் கொடுத்தவரை எந்தக் குழுவும் கேள்வி கேட்டதில்லை என்பதுதான் விந்தை.

வழிப்போக்கன் பதில்:
இருவருக்கும் நன்றி. ஆனால், ‘பலன்’ எது என்பதை யார் முடிவு செய்வது? பிரிட்டனில் இதயம் நின்றுபோன 8,014 பேரிடம் இதயத்தைத் தூண்டும் மருந்தான அட்ரினலினைச் சோதித்த ஆய்வில், முப்பது நாளைக் கடந்தும் உயிரோடிருந்தவர்கள் அட்ரினலின் பெற்றோரில் 3.2 விழுக்காடு, உப்புநீர் பெற்றோரில் 2.4 விழுக்காடு. ஆனால் பிழைத்தவர்களுள் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் முறையே 31.0, 17.8 விழுக்காடு.

மருதன் பதில்:
மக்களிடம் முன்னதாகவே கலந்தாலோசிப்பது அதற்காகத்தான். அந்த ஆய்வாளர்கள் கேட்டபோது, வெறுமனே உயிர்பிழைப்பதைவிட மூளை நலத்தோடு பிழைப்பதே முக்கியம் என்றுதான் மக்கள் சொன்னார்கள். கைப்பட்டை விநியோகித்தால் இப்படி ஒரு பதில் கிடைக்காது.