80-ஐ விழுங்கிய 06

கல்லூரி இரண்டாம் ஆண்டு, மைக்ரோபிராசசர் லேப். மேசைக்கு ஒரு 8085 கிட், அதாவது 8085 பிராசசர் வைத்த பயிற்சிப் பலகை. திரை கிடையாது; சிவப்பில் ஒளிரும் சில இலக்கங்களும் விசைப்பலகையும்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எண்ணான ஆப்கோடை அட்டவணையில் பார்த்து நாமே நோட்டில் எழுதி, 4100 என்ற நினைவக முகவரியிலிருந்து ஒவ்வொரு பைட்டாக உள்ளிட வேண்டும். எண்களெல்லாம் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்); இரண்டு இலக்கம் ஒரு பைட், ஒவ்வோர் இலக்கமும் நான்கு பிட்.

முதல் பயிற்சி, 5-ஐயும் 3-ஐயும் கூட்டுவது. நோட்டில் எழுதியிருந்தது: 06 05 78 06 03 80 32 00 42 76. அதாவது பி ரிஜிஸ்டரில் (பிராசசருக்குள் ஒரு எண்ணை வைக்கும் இடம்) 5 போடு, அதை ஏ ரிஜிஸ்டருக்கு நகலெடு, பி-யில் 3 போடு, ஏ-யோடு பி-யைக் கூட்டு, விடையை 4200 என்ற முகவரியில் வை, நில்.

ஓட்டிவிட்டு 4200-ஐத் திறந்தால் 05. ரீசெட் செய்து மறுபடி ஓட்டினேன். அதே 05. கிட்டில்தான் கோளாறு என்று லேப் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் விடையைப் பார்க்கவே இல்லை. "4100-லேருந்து ஒவ்வொண்ணா படிச்சுச் சொல்லுப்பா" என்றார். படித்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது 06-க்கு அப்புறம் 03 இல்லை, நேரே 80.

"இப்ப நீதான் பிராசசர். 06 வந்தாச்சு. என்ன செய்வே?"

"அடுத்த பைட்டை எடுத்து பி-யில போடுவேன் மேடம்."

"அடுத்தது என்ன?"

"80..." சொல்லும்போதே உடம்பு சிலிர்த்துவிட்டது. கூட்டு என்ற கட்டளை அங்கே வெறும் எண்ணாகிப் பி-க்குள் போயிருக்கிறது. கூட்டலே நடக்கவில்லை. அடுத்து வந்த 32 சரியான இடத்தில் அமைந்ததால், ஏ-யில் இருந்த 05-ஐ ஒழுங்காக 4200-இல் வைத்துவிட்டு நின்றிருக்கிறது.

80 என்ற பைட்டின் மேல் 'நான் கட்டளை' என்று எங்கும் எழுதியிருப்பதில்லை. அடுத்து படிக்க வேண்டிய முகவரியை வைத்திருக்கும் புரோகிராம் கவுண்டர் காட்டும் இடத்திலிருந்து பிராசசர் ஒரு பைட்டை எடுக்கிறது. இந்தக் கட்டளை ஒரு பைட்டா, இரண்டா, மூன்றா என்பதை பிராசசருக்குள் கட்டளையைப் பிரித்தறியும் டிகோடர் அந்த முதல் பைட்டிலேயே அறிந்துகொள்கிறது. அது முடிந்த இடத்தில் எது இருக்கிறதோ, அதுதான் அடுத்த கட்டளை. பாடத்தில் படித்தபோது மனதில் ஒட்டாத விஷயம், அந்த ஒரு கேள்வியில் ஒட்டிக்கொண்டது. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

*

அண்ணா, எனக்கு நடந்தது 32-இல். விடையை 4200-இல் வைக்க 32 42 00 என்று உள்ளிட்டேன். 8085 முகவரியின் கீழ் பைட்டைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும், அதனால் விடை 0042-க்குப் போனது. எங்கள் கிட்டில் அது, கிட்டையே இயக்கும் மானிட்டர் நிரல் இருக்கும் ஈப்ராம் (படிக்க மட்டுமேயான நினைவகம்) பகுதி, அங்கே எதுவும் எழுதப்படாது. 4200-இல் முந்தைய கணக்கின் விடை அப்படியே இருந்தது. அதைச் சரியான விடை என்று நம்பி ரெக்கார்டிலும் எழுதிவிட்டேன்.

*

தம்பி, நான் இந்தப் பாடம் நடத்துகிறவள். உங்கள் மேடம் கேட்ட கேள்வியை நாளையிலிருந்து நானும் கேட்கப்போகிறேன். உங்கள் நிரலில் உள்ள 05-ஐப் பாருங்கள், அதுவே கட்டளை வர வேண்டிய இடத்தில் வந்திருந்தால் 'பி-யில் ஒன்று குறை' என்று பொருள்.

வைவாவில் ஒரு மாணவி என்னிடம், "நில் என்பதற்கு ஏன் 76?" என்று கேட்டாள். உட்கார்ந்து பிட்களாகப் பிரித்தோம்: 01 110 110. முதலில் 01 என்றால் நகலெடு. அடுத்த மூன்று பிட் எங்கே, கடைசி மூன்று எங்கிருந்து. பி-க்கு 000, ஏ-க்கு 111, நினைவகத்துக்கு 110. அப்படியானால் 76 என்பது நினைவகத்திலிருந்து அதே இடத்துக்கே நகலெடுப்பது, பயனில்லாத வேலை. அந்த இடத்தைத்தான் 'நில்' கட்டளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய முகம் மலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

*

மேடம், உங்கள் பதிவைப் படித்ததும் பேப்பரை எடுத்து 78-ஐப் பிரித்தேன். 01 111 000. நகலெடு, ஏ-க்கு, பி-யிலிருந்து. இத்தனை வருடம் மனப்பாடமாக வைத்திருந்த எண், இன்றுதான் படிக்க முடிந்தது.